ஹூக்கர் இல்லாத பெஞ்ச்: செலக்‌ஷன் சண்டையில உங்க மனசுல மாட்டிக்கிட்ட ஆள் யாரு?

காசிமேடு கரைக்காத்து

2023 ரக்பி உலகக் கோப்பை ஃபைனல், சவுத் ஆப்பிரிக்காவும் நியூசிலாந்தும். நம்ம டைம் ராத்திரி பன்னெண்டரை. அன்னிக்கு சந்திர கிரகணம் வேற. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா கூட்டம் அள்ளும்னு லாஞ்சுங்க எல்லாம் கரை புடிச்சாச்சு. ஏலம் ஆரம்பிக்கிற வரைக்கும் ஐஸ் பொட்டி மேல உக்காந்து ஃபோன்ல மேட்ச் பாத்துனு இருந்தேன். பக்கத்துல எங்க தெரு டிரைவர் அண்ணன் (போட் டிரைவர், ஆட்டோ இல்ல). அவருக்கு ரக்பின்னா இன்னான்னே தெரியாது. "இன்னாடா பந்தைப் பின்னாடியே தூக்கிப் போட்றானுங்க"ன்னு கேட்டவரு.

நான் பெருமையா அளந்து உட்டேன். ண்ணா, சவுத் ஆப்பிரிக்கா பெஞ்சுல எட்டு பேரு, அதுல ஏழு பேரு ஃபார்வேர்டு (முட்டித் தள்ளுற ஆளுங்க), ஒர்த்தன்தான் பேக்கு (பின்னாடி நின்னு ஓடுறவன்). மால்கம் மார்க்ஸ்னு ஒரு ஹூக்கரு, அதான் ஸ்க்ரம்னு தோளோட தோள் முட்டித் தள்ளும்போது முன்வரிசை நடுவுல நிக்கிறவன், வெளிய போன பந்தை உள்ள எறியறவனும் அவன்தான், முட்டி போச்சு. அவன் எடத்துக்கு இன்னொரு ஹூக்கரை எடுக்காம கிக் அடிக்கிற ஹான்ட்ரே போலார்டை எடுத்தாங்க. அவங்க ரக்பி டைரக்டர் ராசி எராஸ்மஸ் மூளை அப்டி.

சொல்லி வாய மூடல. மூணாவது நிமிஷம், மிச்சம் இருந்த ஹூக்கரு போங்கி எம்போனாம்பி முட்டியப் புடிச்சுனு கீழ கெடக்குறான். அண்ணன் மெதுவா என் பக்கம் திரும்பி, "இவனுக்கு மாத்து யாரு?"ன்னு கேட்டாரு.

டியான் ஃபூரி, 37 வயசு, இப்போ ஆடுறது ஃபிளாங்கர், அது வேற எடம்னு சொன்னேன். அவர் சிரிச்சிருந்தா நானும் சிரிச்சுட்டு மறந்திருப்பேன். சிரிக்கல. "டேய், பத்து நாள் தங்கலுக்குப் போறேன்னு வெச்சுக்க. இஞ்சின் பாக்கத் தெரிஞ்சவன் ரெண்டு பேரு ஏறலன்னா நான் கயிறே அவுக்க மாட்டேன். ஒர்த்தனுக்கு ஜொரம் வந்தா நடுக்கடல்ல யார கூப்டுவ?"

அப்பால நடந்தது தெரியும். போலார்டு நாலு பெனால்டி, 12 பாயிண்டும் அவனுது. 12-11. நான் பொட்டி மேல ஏறிக் குதிக்கிறேன். அண்ணன் லுங்கிய மடிச்சுக் கட்டினு, "ஜெயிச்சானா, சரி. பண்ணது தப்புதான்"னுட்டு ஏலத்துக்குப் போய்ட்டாரு. இன்னி வரைக்கும் அதே பதிலு. கப்பு ஜெயிச்ச டீமோட செலக்‌ஷனைத் தப்புன்னு சொல்ல முடியுமா? உங்களுக்கும் இப்டி யாராவது மாட்டினாங்களா?

பெரம்பூர் லோகோ

சொல்லலாம். உங்க டிரைவர் அண்ணன் கட்சி நான்.

எனக்கும் அதே உலகக் கோப்பைதான், ஆனா ஆஸ்திரேலியா பக்கம். எங்க பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் அங்கிள், ரயில்வேல ரிட்டயர்டு. பையன் பெர்த்துல செட்டில். அங்கிளுக்கு ஹாக்கி, பாக்ஸிங், ரக்பி எல்லாம் மூச்சு. கோச் எடி ஜோன்ஸ் டீமை அறிவிச்ச அன்னைக்கு பேரையெல்லாம் பென்சில்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டாரு. மைக்கேல் ஹூப்பர் இல்ல. குவேட் கூப்பர் இல்ல. ஃபிளை-ஹாஃப்னு (ஆட்டத்தை நடத்துற ஆளு) சொல்றதுக்கு கார்ட்டர் கார்டன் ஒரே ஒரு சின்னப் பையன். "யாரு மேன் இவனுங்க, வேகன் இருக்கு, இஞ்சினைக் காணோம்"னு என்கிட்டயே தினம் புலம்புவாரு. பையன் கட்சி வேற. பழசுங்க போகட்டும் டாடி, சின்னப் பசங்க ஆடட்டும்னு வீடியோ கால்ல கத்துவான். மத்தியானத்துல ஆரம்பிச்சா தெரு முழுக்கக் கேக்கும்.

ஃபிஜி கிட்ட 22-15 தோத்தாங்க. அடுத்தது வேல்ஸ். கார்ட்டர் கார்டனையும் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு பென் டொனால்ட்சனை இறக்கினாங்க. 40-6. ராத்திரி ரெண்டு மணி. பையன் லைன்லயே இருக்கான், அங்கே விடியுற நேரம். அங்கிள் ஒரு வார்த்தை பேசல. ஃபோனை மேஜை மேல குப்புறப் போட்டுட்டு அடுப்படிக்குப் போய்ட்டாரு. மேஜைக்குள்ளேருந்து வர்ற மாதிரி "டாடி... டாடி..."ன்னு சத்தம் மட்டும் வருது. நான்தான் ஃபோனைத் திருப்பினேன். நக்கலா சிரிச்சிட்டு இருப்பான்னு நெனச்சேன். அவன் சிரிக்கல.

அந்த பென்சில் லிஸ்ட்டு ஃபிரிட்ஜ் மேல இன்னும் இருக்கு.

புளியந்தோப்பு பெஞ்ச்

கரைக்காத்து, கதை நல்லா இருக்கு, ஆனா பாதியத்தான் சொல்லியிருக்கீங்க. ஃபூரி ஒண்ணும் ரோட்ல போறவரைக் கூப்பிட்டு விட்ட கேஸ் இல்ல. முன்னாடி பல வருஷம் ஹூக்கரா ஆடினவர்தான். லைன்-அவுட்ல, அதாவது வெளிய போன பந்தைத் திரும்ப உள்ள எறியறப்போ தடுமாறுனாங்க, ஒத்துக்கறேன். ஆனா போலார்டு இல்லன்னா ஃபைனலே கிடையாது. செமில கிக் அடிக்கிற மானி லிபாக்கை 31ஆவது நிமிஷத்துல வெளிய இழுத்துட்டுப் போலார்டை விட்டாங்க. மழையில, பாதி மைதானத்துக்கிட்டேருந்து, ஆட்டம் முடிய ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும்போது அவர் அடிச்ச பெனால்டிலதான் இங்கிலாந்தை 16-15. மார்க்ஸ் இடத்துக்கு ஹூக்கரைக் கூப்பிட்டிருந்தா அந்தக் கிக்கை யாரு அடிச்சிருப்பா, டிரைவர் அண்ணனா?

லோகோ, நீங்க சொன்னது தோத்த டீம் கதை. அதை வெச்சு ஜெயிச்ச டீமைத் தப்புன்னு சொல்ல முடியாது.

பெரம்பூர் லோகோ

காலிறுதி 29-28, அரையிறுதி 16-15, ஃபைனல் 12-11. மூணும் ஒரு பாயிண்ட். ஃபைனல்ல ரெண்டாவது பாதி முழுக்க ஒரு பாயிண்ட் எடுக்கல உங்க ஆளுங்க. எதிர்ல நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் ரெட் கார்டு வாங்கி பதினாலு பேரு. அதுக்கப்புறமும் மொவுங்காவோட கன்வர்ஷன் கிக், ஜோர்டி பாரெட்டோட பெனால்டி, ரெண்டுல ஒண்ணு உள்ள போயிருந்தா இதே எராஸ்மஸை முட்டாள்னு எழுதியிருப்பீங்க. நீங்கதான் முதல்ல எழுதியிருப்பீங்க.

தண்டையார்பேட்டை கப்பல்காரன்

நடுவுல வரேன், மன்னிக்கணும். எனக்கு உறுத்துறது நான் வாய விட்டது.

2023 ஃபைனல் முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும், எங்க கப்பல் தென்னாப்பிரிக்கால டர்பன்ல நின்னுது. ஊருக்குள்ள போக டாக்சி புடிச்சேன். ஓட்டுனவர் நம்ம ஆளு, அதாவது தாத்தாவுக்குத் தாத்தா நம்ம ஆளு. 1860ல ட்ரூரோ கப்பல் இதே மெட்ராஸ்லேருந்துதான் அங்கே முதல்ல ஆள் கொண்டுபோச்சு. அவருக்குத் தெரிஞ்ச தமிழ் அம்மா, தண்ணி, கோயில். கண்ணாடிக்குக் கீழே பச்சை ஸ்பிரிங்பாக் கொடி (தென்னாப்பிரிக்கா டீமோடது), அதுக்குப் பக்கத்துலயே வெள்ளைப் பெரணி இலை போட்ட கறுப்பு பேட்ஜ். நியூசிலாந்துது. என்னண்ணே ரெண்டு கட்சியான்னு கேட்டேன். அது அப்பாவோடதுன்னாரு. அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க மட்டுமே ஆடுன டீமை இவங்க யாரும் நம்ம டீமுன்னு நெனச்சதில்ல, வெளியூரு டீமுக்குத்தான் கை தட்டுவாங்களாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இப்போ கோட்டால வெள்ளைக்காரங்க இல்லாதவங்க நெறைய பேரு வந்துட்டாங்க இல்ல"ன்னு கேட்டுட்டேன்.

வண்டிக்குள்ள சத்தமே இல்ல. ரெண்டு சிக்னல் தாண்டுச்சு. அப்புறம் ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: தேசிய கீதம் பாடும்போது கேமரா ஒவ்வொரு முகமா போகும் இல்லையா, அப்பா அதை விரல் விட்டு எண்ணுவாரு. 1995 ஃபைனல்ல செஸ்டர் வில்லியம்ஸ் மட்டும், ஒரு விரல். 2019ல சியா கொலிசி கேப்டனா கப்பைத் தூக்குன வருஷம் ஒரு கை பத்தல. 2023ல எண்ணலையாம். ஏன் எண்ணலன்னு கேட்டதுக்கு, "அட, மறந்துட்டேன்"னாராம்.

இறங்கும்போது மிச்சம் வேணாம்னேன். அவர் எண்ணி வெச்சுட்டுத்தான் போனாரு.

(ஒரு விஷயம். அவங்கப்பா கை தட்டுன நியூசிலாந்தே 1928ல ஜார்ஜ் நேப்பியா மாதிரி ஆளை மாவோரி, அதாவது அந்த ஊரு பூர்வகுடிங்கிறதால தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போகல. 1960லயும் மாவோரிங்களை விட்டுட்டுத்தான் போச்சு. அதை நான் சொல்லல. அன்னைக்கு ஏற்கெனவே போதுமான அளவு பேசியாச்சு.)

மூலக்கடை மகள்

நீங்கல்லாம் அடுத்த நாட்டு டீமுக்குச் சண்டை போடுறீங்க. எனக்கு நம்ம ஊரு செலக்‌ஷன். நேஷனல் கேம்ப்புக்குப் பேர் அனுப்புறதுக்கு ஒரு டிரயல். எங்கேன்னு சொல்ல மாட்டேன்.

வியாசர்பாடியில ஃபுட்பால் ஆடிட்டு இருந்த பொண்ணுங்க நாங்க அஞ்சு பேர் ரக்பி செவன்ஸ்க்கு (டீமுக்கு ஏழு பேர் ஆடுறது) மாறினோம். ரன்னிங்ல நான் ரெண்டாவது. டேக்கிள்ல என்னைவிட பத்து கிலோ அதிகமான பொண்ணைக் கீழ சாய்ச்சேன். செலக்டர் ஒரு பழைய காலண்டர் தாள் பின்பக்கம் பேர் எழுதிட்டு இருந்தார். நான் தண்ணி குடிக்க அந்தப் பக்கம் போனேன். என் பேர் இருக்கு, நாலாவது. அந்த நேரம் ஒருத்தர் வந்து அவர் காதுல என்னமோ சொன்னார். செலக்டர் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார். "எத்தனை கிலோம்மா?" நாப்பத்தியேழு சார்னேன். என் கண்ணு முன்னாடியே பேர் மேல கோடு போட்டார். பேனா சரியா எழுதல, அதனால ரெண்டு தடவை போட்டார்.

அந்த ரெண்டாவது கோடுதான்.

அப்புறம் செஸ்லின் கோல்பியைப் பாத்தேன். அஞ்சே முக்கால் அடி கூட இல்ல. சின்னப் பையன், ஸ்பிரிங்பாக்குக்கு ஆக மாட்டான்னு சொல்லிட்டே இருந்தாங்க. பிரான்ஸ்ல துலூஸ் கிளப்புக்குப் போய் ஆடிக் காட்டின அப்புறம், 2018லதான் டீம்ல எடுத்தாங்க. 2019 ஃபைனல்ல ட்ரை வெச்சான் (கோட்டுக்கு அப்பால பந்தைத் தரையில வெக்கிறது). அந்த ட்ரையை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எண்ணிக்கை இல்ல.

போன வருஷம் மூலக்கடை ஸ்டாப்புல அதே செலக்டர். பஸ்ஸுக்கு நிக்கறார். என்னைப் பாத்துட்டு, "உன்னை எங்கேயோ பாத்திருக்கேனேம்மா, எங்க ஸ்டூடண்டா?"ன்னு கேட்டார். இல்ல சார்னு சொன்னேன். பஸ் வந்துச்சு, அவர் ஏறிட்டார். நானும் அதே பஸ்ஸுலதான் போகணும். ஏறல.

புளியந்தோப்பு பெஞ்ச்

தங்கச்சி, உங்க கதை கேட்டு மனசு கஷ்டமாயிடுச்சு. நானும் ஒரு டோர்னமென்ட் முழுக்க பெஞ்சுலயே உக்காந்தவன், பேர்லயே இருக்கு. அனுபவத்துல சொல்றேன், மத்தவங்களுக்கும் உதவும்.

டிரயலுக்கு முன்னாடி எந்தப் பொசிஷனுக்கு ஆள் இல்லன்னு விசாரிச்சுட்டுப் போகணும். எல்லாரும் விங்குல ஓடத்தான் வருவாங்க. ஒரே பொசிஷனைப் புடிச்சுத் தொங்கக் கூடாது, ரெண்டாவது ஒண்ணு கத்துக்கணும். ஃபூரி ஃபைனல்ல இறங்கினதே அதனாலதான். ஹூக்கர்னா லைன்-அவுட் எறிஞ்சு பழகணும், தினம் நூறு எறி, சுவத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு. ஸ்க்ரம்-ஹாஃப்னா ரெண்டு பக்கமும் பாஸ் போகணும், இடது பக்கம் பலவீனமா இருந்தா அதை மட்டும் ஒரு மாசம் பண்ணணும். செவன்ஸ்ல பாதிக்கு ஏழு நிமிஷம்தான், ஆனா அதுல மூச்சு வாங்காம திரும்பத் திரும்ப ஓடணும், அதனால நீள ஓட்டத்தைவிட நாப்பது மீட்டர், நடை, நாப்பது மீட்டர் நல்லது. பல்லுக்கு கார்டு சொந்தமா வாங்கிடணும், கடன் வாங்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் ரெண்டு நகல். ஃபோட்டோ நாலு. வெயிட் கேட்டா கிலோவை மட்டும் சொல்லக் கூடாது, ஸ்குவாட் எவ்வளவு தூக்குறோம்னு சேத்து சொல்லணும். பேர் வரலைன்னா அங்கேயே சண்டை வேணாம், ரெண்டு நாள் கழிச்சு எழுத்துல கேக்கணும், எந்த அளவுகோல்ல விட்டீங்கன்னு. ஒரு ஃப்ரெண்டை விட்டு ஃபோன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கணும். இன்னொண்ணு, வாழைப்பழம்...

மூலக்கடை மகள்

அண்ணா, நான் இப்போ நர்ஸ். நைட் டூட்டி. டிரயலுக்குப் போகல. அட்வைஸும் கேக்கல. ஆனா அந்த ஸ்குவாட் விஷயத்தை அன்னைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

தண்டையார்பேட்டை கப்பல்காரன்

வாழைப்பழம் என்ன ஆச்சுன்னு சொல்லாம போய்ட்டாரே.

காசிமேடு கரைக்காத்து

எல்லாத்தையும் படிச்சேன். மூலக்கடை, உன் பதிவை அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன், தப்பா எடுத்துக்காத. "அந்த செலக்டரு எந்த பஸ்ல போனான்"னு மட்டும் கேட்டாரு. ஏன்னு நான் கேக்கல.

பெஞ்சு சொன்னதையும் சொன்னேன், ஃபூரி பழைய ஹூக்கருன்னு. அதுக்கும் மசியல. சரி, ஜெயிச்சவன் பக்கம் பேச இன்னொரு கதை இருக்குன்னு 2011 ஃபைனலை எடுத்து உட்டேன். ஆக்லாந்து, ஈடன் பார்க். நியூசிலாந்துக்கு கிக் அடிக்கிற டேன் கார்ட்டர் அடிபட்டு வெளிய. அவனுக்கு மாத்து காலின் ஸ்லேட், அவனும் வெளிய. மூணாவது ஆரன் க்ரூடன், ஃபைனல்லயே முட்டி போச்சு. அப்போ இறங்குனவன் ஸ்டீபன் டொனால்ட். மொதல்ல டீம்லயே எடுக்கல அவனை. கோச்சுங்க தேடுறப்போ ஆத்துல மீன் புடிச்சுனு இருந்தான். அவசரத்துல வந்ததால ஜெர்சி கூடப் பத்தல, வயிறு தெரியுது. அவன் அடிச்ச ஒரு பெனால்டி, பிரான்ஸை 8-7, கப்பு. பாத்தியாண்ணா, லிஸ்ட்டுல இல்லாதவன்தான் கரை சேத்தான்னு முடிச்சேன்.

இந்த வாட்டி ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன். அண்ணன் வலை கோத்துனு இருந்த ஊசிய நிறுத்திட்டாரு.

"இன்னா மீனு?"

ஒயிட்பெய்ட்ண்ணா.

"நெத்திலியா?"

நெத்திலி இல்லண்ணா, அதைவிடப் பொடி. கண்ணாடி மாதிரி இருக்கும். ஆத்தோரமா கைவலையில அள்ளுறது.

"சீசனா அப்போ?"

ஆமாண்ணா, அக்டோபர், அங்க சீசன்தான்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாரு.

"சீசன்ல வலை போட்டுனு கீறவனைக் கூப்ட்டுனு போய்ட்டானுங்க. அங்க அவனுக்கு மாத்து யாரு?"