குஸ்னெத்சோவ் என்ற பெயர் கோப்பில் வந்தால்: அனுபவப் பகிர்வு

ஏட்டுப்பூச்சி:
ரஷ்ய ஆவணம் எதைத் தொட்டாலும் ஒரு குஸ்னெத்சோவ் வந்து நிற்பார். மொழிபெயர்ப்போ, வம்சாவளித் தேடலோ, பழம்பொருள் சேகரிப்போ, உங்கள் வேலையில் இந்தப் பெயர் எங்கே சிக்கல் தருகிறது, எப்படி அவிழ்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடிப்படையை நானே போட்டுவிடுகிறேன். 'குஸ்னெத்ஸ்' என்றால் இரும்புக் கொல்லன். 'ஓவ்' சேர்ந்தால் கொல்லனுடைய (மகன்). பெண்ணுக்குக் குஸ்னெத்சோவா. அழுத்தம் இரண்டிலும் 'சோ'வின் மேல்தான். அதனால் பேச்சில் நடு உயிர் தேய்ந்து, ஆண் பெயர் 'குஸ்னித்சோஃப்' என்றே காதில் விழும். பெண் பெயரில் கடைசியில் உயிர் வருவதால் 'வ' திரும்பிவிடும்.

வோல்காக்கரை:
கொல்லர்கள் நிறையப் பேர் இருந்ததால் பெயர் பரவியது என்று பலரும் எழுதுகிறார்கள். விஷயம் நேர் எதிர். ஒரே கிராமத்தில் பத்துக் கொல்லர் இருந்தால் அந்தப் பட்டப்பெயர் யாரையும் அடையாளம் காட்டாது. ஊருக்கு ஓர் உலைக்களம், அதுவும் தீக்குப் பயந்து வீடுகளை விட்டுத் தள்ளி. 'கொல்லன் வீட்டுப் பையன்' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒவ்வோர் ஊரிலும் ஒரு வீடு தனித்தனியாக இந்தப் பெயரை வாங்கியது. கூட்டிப் பார்த்தால் நாடு முழுக்கக் குஸ்னெத்சோவ். ஆகவே இரண்டு குஸ்னெத்சோவ்கள் உறவா என்று பெயரை வைத்து மட்டும் கேட்பதில் பயனில்லை.

பரவலைப் பொறுத்தவரை, மரபியலாளர் யெலேனா பலனோவ்ஸ்கயா குழுவின் 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் ஸ்மிர்னோவ் முதலிடம், இவானோவ் இரண்டாமிடம். மொழியியலாளர் ஜுராவ்லியோவின் பட்டியலில் இந்த இரண்டும் இடம் மாறும். குஸ்னெத்சோவ் இரண்டிலும் மூன்றாவதுதான். நாடு முழுக்க ஒரே அடர்த்தி என்று நினைக்க வேண்டாம். பெயராய்வாளர் விளாதிமிர் நிகோனொவ் ரஷ்யாவை நான்கு பெயர் மண்டலங்களாகப் பிரித்தார்: வடமேற்கில் இவானோவ், வோல்காவின் மேற்பகுதியில் ஸ்மிர்னோவ், வடக்கே போபோவ், மாஸ்கோவுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் குஸ்னெத்சோவ். தெற்கிலும் மேற்கிலும் கொல்லனுக்கு வழங்கிய சொல் 'கொவால்'. அங்கே அதே தொழில் கொவல்யோவ் ஆனது, உக்ரைனில் கொவாலென்கோ, கொவல்ச்சூக். மேற்கே உள்ள ஸ்மொலென்ஸ்க் பக்கத்துக் குடும்பம் ஒன்று குஸ்னெத்சோவ் என்று வந்தால், வேறு இடத்திலிருந்து குடியேறியிருக்கலாம் என்ற சந்தேகத்தோடு தொடங்குவது நல்லது. சந்தேகம் மட்டும்தான், முடிவு அல்ல.

கரையான்:
குஸ்நெத்ஸ்க் என்று ஊர் இருக்கிறதே, அங்கிருந்து வந்த பெயராக இருக்காதா?

வோல்காக்கரை:
ஊர்ப்பெயரிலிருந்து வந்தால் பெரும்பாலும் 'குஸ்நெத்ஸ்கி' என்று முடியும். 'ஓவ்' என்றால் ஆளைத்தான் தேட வேண்டும்.

பழஞ்சுவடி:
ஆவணக்காப்பகத் தேடலில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று. குடியானவக் குடும்பங்கள் பலவற்றுக்கு 1861இல் பண்ணையடிமை முறை ஒழியும்வரை ஏட்டில் நிலையான குடும்பப்பெயரே கிடையாது. 1850ஆம் ஆண்டுப் பதிவில் 'இவான் பெத்ரோவ்' என்று இருந்தால் அது பெத்ரோவ் குடும்பம் அல்ல, பியோத்தரின் மகன் இவான், அவ்வளவே. அவருடைய பேரன் 1900இல் குஸ்னெத்சோவ் என்று எழுதப்பட்டிருப்பார். குஸ்னெத்சோவ் என்ற பெயரையே பின்னோக்கித் துரத்தினால் தடம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அறுந்துவிடும்.

வேலை செய்யும் வழி இது. முதலில் ஊரை உறுதிசெய்யுங்கள்: கிராமம், வோலஸ்த் (கிராமத் தொகுதி), உயெஸ்த் (மாவட்டம்), குபேர்னியா (மாகாணம்) என நான்கும் புரட்சிக்கு முந்தைய பிரிவின்படி வேண்டும். அடுத்து அந்தக் கிராமம் எந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தது என்று பாருங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு என மூன்று பகுதி கொண்ட பங்குப் பதிவேடு அந்தத் தேவாலயத்தின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். சிவில் பதிவு அலுவலகம் ஏடுகளை 100 ஆண்டுகள் வைத்திருந்த பிறகே அரசுக் காப்பகத்துக்கு அனுப்பும். அதற்குள் உள்ளவற்றுக்கு உறவை நிரூபிக்கும் சான்று இல்லாமல் போகாதீர்கள்.

குடும்பப்பெயர் மறைந்ததும் தலைவரி கணக்கெடுப்பு ஏட்டுக்குத் தாவுங்கள். 1719இல் தொடங்கிப் பத்து முறை எடுத்தார்கள். பத்தாவது 1857-58. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஆணுக்கு முந்தைய கணக்கில் என்ன வயது, இப்போது என்ன வயது என்று இரண்டும் இருக்கும். நடுவில் செத்தாரா, பட்டாளத்துக்குப் போனாரா என்பதும் இருக்கும். பெண்ணுக்கு இப்போதைய வயது மட்டும். வீட்டு வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் முந்தைய கணக்கின் எண்ணும் கொடுத்திருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணையும் ஆணின் இரட்டை வயதையும் பிடித்துக்கொண்டு போனால் ஒன்பதாவது, எட்டாவது என்று வீடு வழுக்காமல் இறங்கும். பெயர் இல்லாமலேயே குடும்பம் கிடைத்துவிடும்.

இரண்டாம் உலகப்போர் வீரரைத் தேடுவதானால் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'பாமியத் நரோதா' தளத்தில் குடும்பப்பெயர், பெயர், தந்தைவழிப் பெயர் மூன்றும் போட்டாலும் திரை நிரம்பும். பிறந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டு இடம்விட்டு, பிறந்த மாவட்டத்தை வைத்து வடிகட்டுங்கள். சோவியத் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் குஸ்னெத்சோவே 1904இல் பிறந்து, படையில் சேர இரண்டு வயது கூட்டிக்கொண்டு ஏட்டில் 1902 ஆனவர்.

நாலெழுத்து:
அட்மிரல் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. நிக்கொலாய் குஸ்னெத்சோவ் என்ற பெயரில் மட்டும் மூன்று பிரபலங்கள். அட்மிரல், நிக்கொலாய் கெராசிமொவிச். ஜெர்மன் அதிகாரி வேடத்தில் உளவு பார்த்தவர், நிக்கொலாய் இவானொவிச். விமான எஞ்சின் வடிவமைப்பாளர், நிக்கொலாய் திமீத்ரியெவிச். பின்னவர் இருவரும் பிறந்தது 1911. ஆண்டைப் போட்டும் பிரிக்க முடியாது, தந்தைவழிப் பெயர் ஒன்றுதான் கதி. விக்கி தமிழாக்கங்களில் அதை வெட்டிவிடுகிறார்கள், எரிச்சலாக வருகிறது.

எஞ்சின்காரருக்கு நம்மூர்த் தொடர்பும் உண்டு. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017 வரை பறந்த டியூ-142 கண்காணிப்பு விமானங்களில் இருந்தவை அவருடைய என்கே-12 எஞ்சின்கள். ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். 'என்கே' என்பதே அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

முத்திரைத்தாள்:
மொழிபெயர்ப்பில் ஆளைக் கவிழ்ப்பது வேற்றுமை உருபு. ரஷ்ய விண்ணப்பத்தின் தலைப்பில் 'இன்னாரிடமிருந்து' என்று வரும் இடத்தில் ஆண் குஸ்னெத்சோவ் 'குஸ்னெத்சோவா' ஆகிவிடுவார். எழுத்தில் அது பெண்ணின் எழுவாய் வடிவமேதான். பெண்ணாக இருந்தால் அங்கே 'குஸ்னெத்சோவோய்' என்று இருக்கும். முழுப்பெயர் இருந்தால் கவலையில்லை: 'இவானொவிச்சா' என்றால் ஆண், 'இவானொவ்னா' அல்லது 'இவானொவ்னி' என்றால் பெண். முன்னெழுத்து மட்டும் இருந்தால் வாக்கியத்தின் இறந்தகால வினையைப் பாருங்கள், பால் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் கையெழுத்தின் கீழ் அடைப்பில் எழுதியதைப் பாருங்கள், அங்கே எழுவாயில்தான் போடுவார்கள்.

பாஸ்போர்ட்டில் வேறு தொல்லை. சோவியத் காலத்தில் பிரெஞ்சு முறை, முதல் அசையின் உயிருக்கு 'ஓ, யூ' (ou) என்று இரண்டு லத்தீன் எழுத்து. 2010களின் தொடக்கத்தில் வழங்கியவற்றில் நடுவில் வரும் 'த்ஸ்' ஒலிக்கு 'டி, சி' (tc). இப்போது சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி 'டி, எஸ்' (ts). ஒரே ஆளின் பெயருக்கு மூன்று விதமான எழுத்து. விமானச் சீட்டு எப்போதும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டின்படி. பட்டச் சான்றிதழில் பழைய எழுத்து இருந்து, புதுப் பாஸ்போர்ட்டிலும் அதுவே வேண்டுமென்றால், விண்ணப்பிக்கும்போதே பழைய ஆவணத்தைச் சேர்த்து எழுத்துமூலம் கேட்க வேண்டும். அச்சான பிறகு கேட்டால் இன்னொரு பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் கட்டுவதுதான் வழி.

பீங்கான் பித்து:
முத்திரைத்தாள் சொன்ன அதே உருபுதான் பீங்கான் சந்தையிலும் ஆளை ஏமாற்றுகிறது. தட்டின் அடியில் 'எம். எஸ். குஸ்னெத்சோவா' என்று இருப்பதைப் பார்த்து, பெண் தொழிலதிபர் என்று விற்பனைக் குறிப்பு எழுதுகிறார்கள். அது பீங்கான் ஆலை முதலாளி மத்வேய் குஸ்னெத்சோவின் கூட்டுநிறுவனம் என்பதில் வரும் 'இன்' உருபு. 1832இல் தெரெந்தி குஸ்னெத்சோவ் தொடங்கிய துல்யோவோ ஆலையும் இந்தக் குடும்பத்துடையது.

காலம் கணிக்க எழுத்தைப் பாருங்கள். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு மெய்யில் முடியும் சொல்லுக்கெல்லாம் கடைசியில் கடினக் குறி (ஒலியில்லாத 'Ъ' எழுத்து) உண்டு. 'துல்யோவோவில்' என்று முத்திரை இருந்தால் 'இல்'லுக்கான ஒற்றை எழுத்தோடு கடினக் குறியும், ஊர்ப்பெயரின் ஈற்றில் பழைய 'யாத்' எழுத்தும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் 'ஜார் காலம்' என்று விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஆனால் லத்தீன் எழுத்து முத்திரை என்றதும் போலி என்று ஒதுக்காதீர்கள். இதே குடும்பத்தின் ரீகா ஆலை இரு உலகப்போர்களுக்கு இடையே லாத்வியாவில் ஓடியது, அந்தக் காலத்துச் சரக்காக இருக்கலாம்.

கரையான்:
அந்தக் கடினக் குறியைக் கணினியின் எழுத்துணரி மென்குறியாகப் படித்துவிடுகிறது, பழைய ஏடுகளில் தேடும்போது பெயர் சிக்காமல் போகிறது. என்ன செய்வது?

பழஞ்சுவடி:
கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'குஸ்னெத்சோ' வரை அடித்து, பின்னால் நட்சத்திரக் குறி போடுங்கள். ஆண், பெண், எல்லா உருபும், தவறான குறியும் ஒரே வலையில் வரும். பட்டியல் நீளும், கிராமத்தின் பெயரைச் சேர்த்துச் சுருக்கிக்கொள்ளுங்கள்.