ஒரே ஒயிலும் இரண்டு ஒயிலும்: மியுரா எஸ்வியைக் கண்டவர்களின் அனுபவங்கள்

கல்லடி ஆசிரியர்

லம்போகினி மியுரா என்ற இத்தாலியக் காரைப் பற்றி எழுதப் புகுகிறவர்களில் பெரும்பாலானோர் அதன் உடலழகோடு நின்றுவிடுகிறார்கள். மார்செல்லோ கந்தினி தமது இருபதுகளின் பிற்பகுதியில் பெர்தோனே என்ற கார் உடல் வடிவமைப்பு நிறுவனத்துக்காக வரைந்த வடிவம் அப்படிப்பட்டது என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1965 நவம்பரில் துரின் கண்காட்சிக்கு வந்தவர்கள் பார்த்தது உடலே பூட்டாத இரும்புச் சட்டகத்தையும், அதன் நடுவே குறுக்காகக் கிடத்தப்பட்டிருந்த பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தையும்தான். கந்தினியின் உடல் அதன்மேல் ஏறி ஜெனீவாவில் காட்சிக்கு வந்தது அடுத்த ஆண்டு மார்ச்சில். முதலில் வியப்பூட்டியது தகட்டுக்கு அடியில் இருந்த அமைப்பு. என் கேள்வியும் அதைப் பற்றியதே: அங்கே இயந்திரத்துக்கும் கியர்பொக்ஸுக்கும் ஒயில் ஒன்றா இரண்டா, அதனால் என்ன வித்தியாசம்?

மியுரா மூன்று ரகங்களாக வெளிவந்தது. முதல் ரகமான பி400 275 கார்கள், அடுத்து வந்த எஸ் 338, 1971 முதல் 1973 வரை செய்யப்பட்ட எஸ்வி 150 என்று பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அந்த 150 எஸ்விகளுக்குள்ளும் இரண்டு வகை உண்டு. முன்பு செய்யப்பட்டவற்றில் இயந்திரமும் கியர்பொக்ஸும் ஒரே ஒயிலில் ஓடின. பின்பு செய்யப்பட்டவற்றில் இரண்டுக்கும் தனித்தனி ஒயில். இந்தப் பிந்திய வகையைத்தான் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை ஏன் கேட்கிறேன் என்றால், என் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒஸ்டின் மினியும் அந்த ஒரே ஒயில் வழக்கத்தில் பிறந்ததுதான். 1959 ஓகஸ்டில் வெளிவந்த அந்தக் காரில் அலெக் இஸிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, கியர்பொக்ஸை ஒயில் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார். மியுராவை உருவாக்கிய ஜான்பாவ்லோ டல்லாரா, தமக்கு வழிகாட்டியது மினியின் அமைப்பே என்று வெளிப்படையாகச் சொன்னவர். மியுராவை நேரில் காணும் வாய்ப்பு எனக்கு வாய்க்கவில்லை. சூரிச்சிலுள்ள மருமகன் அனுப்பிய சிறிய மாதிரி ஒன்று அலுமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான். நேரில் கண்டவர்கள், தொட்டவர்கள், கேட்டவர்கள் எழுத வேண்டும். குறிப்பாக அந்த ஒயில் விடயத்தைப் பற்றி எழுத வேண்டும்.

ஆரையம்பதி – சுவிஸ்

சேர், நான் இயந்திரம் படித்தவன் அல்லன். சென் மொரிட்ஸுக்கு அருகில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். கோடைகாலத்தில் மலைப்பாதைகளில் பழைய கார்களை ஓட்டி வரும் செல்வந்தர்கள் அங்கே தங்குவார்கள். அப்படி வந்த ஒரு மியுரா எஸ்வி, எங்கள் பின்வாசலுக்கு நேரே, மரக்கறிப் பெட்டிகள் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்ததால், இரண்டு நாட்கள் அதைப் போகவர பார்க்கக் கிடைத்தது.

அதன் உயரம் ஏறத்தாழ 105 சென்ரிமீற்றர் மாத்திரமே. பக்கத்தில் நின்றால் கூரை என் இடுப்புக்குச் சற்று மேலே வருகிறது. படங்களில் தெரியாத இன்னொன்று பின்பகுதியின் அகலம். பின்சக்கரங்களை மூடும் தகடு வெளியே புடைத்து நிற்கிறது. முன்விளக்குகளைச் சுற்றிக் கறுப்பு இமைமுடி போல மற்ற மியுராக்களில் இருக்கும் அலங்காரம் அதில் இல்லை. ஆசனத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு மறுபுறம் நேரே இயந்திரம். காரை ஓட்டி வந்த முதியவர் காலையில் அதை இயக்கியதும் உடனே புறப்படவில்லை. ஒயில் சூடேறட்டும் என்று பொறுத்திருந்தார். அந்த நேரம் முழுவதும் சும்மா ஓடவிடாமல் அக்சிலரேட்டரைச் சிறிது மிதித்துக்கொண்டே இருந்தார். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் கேட்டேன். சும்மா நின்று ஓடும்போது இந்தக் காரை நம்பக்கூடாது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரில் பெற்றோல் தேங்கும், பின்பு நெருப்பு வரும் என்று சொல்லிவிட்டு, பின்மூடிக்கு அருகிலேயே வைத்திருந்த தீயணைப்பானைக் காட்டினார்.

அந்தக் காரின் ஒயில் ஒன்றா இரண்டா என்று கேட்கும் அறிவு அப்போது எனக்கு இருக்கவில்லை, சேர்.

களுவாஞ்சிகுடி மெக்கானிக்

அந்த முதியவர் சொன்னது முற்றிலும் சரி. மியுராவில் நான்கு வெபர் காபரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குழல்கள். பந்தயத்தில் எப்போதும் முழுவேகத்தில் ஓடும் இயந்திரத்துக்கு ஏற்ற அமைப்பு அது. நகரத்து நெரிசலில் நின்று நின்று ஓடும்போது பெற்றோல் மேலே தேங்கி வழிந்து, சூடான இயந்திரத்தின்மேல் விழும். மியுராக்கள் எரிந்த கதைகளில் பல அங்கேயிருந்து தொடங்கியவை.

இனி சேர் கேட்ட விடயத்துக்கு வருகிறேன். கல்முனையில் என் மாமாவின் கராஜில்தான் தொழில் பழகினேன். வாகன இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் நாட்டுக்குள் வந்துவிட்ட சின்னக் கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அவற்றுள் மினிகள் நிறைய. மினியின் ஒயிலை வடிக்கும் திருகின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் காந்தத்தில் மயிர்போல ஒட்டியிருக்கும் இரும்புத் துகளைத் துணியால் வழித்தெடுப்பது என்னைப் போன்ற பையன்களின் வேலை. மாமா அதை விரலில் தேய்த்துப் பார்த்து, வழக்கமான தேய்மானமா, பல் ஏதும் உடையப்போகிறதா என்று சொல்லிவிடுவார். அந்தத் துகள் கியர்பொக்ஸிலிருந்து வருவது. ஆனால் அது கலந்த அதே ஒயில்தான் இயந்திரத்தின் சுழல்தண்டான கிராங்கின் பெயாரிங்குகளுக்கும் போகிறது. வடிகட்டி பெரியதைப் பிடிக்கும், நுண்ணியதைப் பிடிக்காது. ஆகையால் மினி வைத்திருப்பவரிடம் மாமா சொல்லும் ஒரே புத்திமதி, ஒயிலில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்பதுதான்.

பிற்காலத்தில் டுபாயில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு மியுரா எஸ் ரகமும், அதற்குச் சில காலத்தின் பின் ஓர் எஸ்வியும் வந்தன. எஸ்ஸின் ஒயிலை வடித்தபோது, தட்டில் விழுந்த கறுப்பு ஒயிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்; மினியின் ஒயிலில் மினுங்கும் அதே வெள்ளித்தூள் அதிலும் மினுங்கியது. அளவுதான் வேறு, மினியில் சில லீற்றர், இங்கே வாளி வாளியாக. அருகில் நின்ற இத்தாலிய மெக்கானிக்கிடம், இது எங்கள் ஊரிலும் இருக்கும் வியாதி என்று சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. மினியின் பெயரைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

சேரின் பதிவில் ஒரு சிறு திருத்தம் தேவை. மினியில் கியர்பொக்ஸ் இயந்திரத்துக்குக் கீழே, தொட்டிக்குள் இருக்கிறது. மியுராவில் அது கீழே இல்லை. இயந்திரத்துக்குப் பின்பக்கமாக, கிராங்குக்குச் சமாந்தரமாக இருக்கிறது. பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தின் அடியில் கியர்பொக்ஸை வைத்தால் கார் உயர்ந்துவிடும். தனிப் பெட்டியாகப் பின்னால் தொங்கவிட்டால் கார் நீண்டுவிடும். சக்கரங்களுக்கிடையே 2.5 மீற்றர்தான் இடம். ஆகவே சிலிண்டர்கள், கிராங்கின் உறை, கியர்பொக்ஸின் உறை, இரண்டு பின்சக்கரங்களுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் உறை எல்லாவற்றையும் ஒரே அலுமினிய வார்ப்பாக ஊற்றினார்கள். உறை ஒன்றானபடியால் ஒயிலும் ஒன்றாயிற்று.

அந்த எஸ்வி தனி ஒயில் வகை. இரண்டு இடத்தில் வடித்தோம். இயந்திர ஒயில் கறுப்பாக, மினுக்கம் இல்லாமல் வந்தது. கியர் ஒயில் தேன் நிறம். மூக்கில் அடிக்கும் கந்தக மணம். அந்த மணத்தை மியுராவில் எதிர்பார்க்காத என் கூட்டாளி ஒருவன், தவறான ஒயிலை யாரோ ஊற்றிவிட்டார்கள் என்று பதறிவிட்டான்.

அக்கரைப்பற்று – லண்டன்

உழவு இயந்திரம் செய்து விற்றுப் பணம் சேர்த்தவரான ஃபெருச்சோ லம்போகினியின் தொழிற்சாலையில் இருந்து இந்தக் கார் வந்தது என்பது, வயலும் வரம்புமாக வளர்ந்த எங்கள் பக்கத்தவர்களுக்கு எப்போதுமே பிடித்தமான செய்தி.

நான் கண்டது எஸ்வி என்று எழுதி வைத்திருந்த, ஆனால் எஸ்வி அல்லாத ஒரு கார். இங்கிலாந்தில் ஒரு பழைய கார் சந்திப்பில் நின்றது. விளக்கைச் சுற்றி இமைமுடி இல்லை, பின்விளக்கும் எஸ்வியுடையது. ஆனால் பின்புறம் போய்க் குனிந்து பார்த்தபோது தகடு புடைக்கவே இல்லை. பழைய பி400 கார்களையும் எஸ் கார்களையும் பிற்காலத்தில் எஸ்வி தோற்றத்துக்கு மாற்றியவர்கள் பலர். இமைமுடியை மட்டும் பார்த்து முடிவு செய்வது பிழை. வாங்கியவர் கேட்டுக்கொண்டதால் இமைமுடியோடு வெளிவந்த எஸ்விகளும் சில உண்டு. பின்சக்கரத்தின் அகலமே நம்பத்தக்க அடையாளம். எஸ்வியில் முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் இல்லை; முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அகலம் அதிகம். அந்த டயருக்கு இடம் விடத்தான் தகட்டைப் புடைத்தார்கள், பின் சஸ்பென்சனின் கைகளையும் மாற்றினார்கள்.

ஒலுவில் மாணவி

நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறேன். மியுராவைக் கண்டதில்லை; மினியில் ஏறியிருக்கிறேன், அதுவும் மாரிமழையில் பாதிவழியில் நின்றுபோன ஒன்றில். (மினியில் தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர் முன்கிறில்லைப் பார்த்தபடி இருப்பதால் மழைத்தண்ணீர் நேரே அதில் அடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.) ஆகவே கண்ட அனுபவத்துக்குப் பதிலாக, களுவாஞ்சிகுடி அண்ணன் சொன்ன கந்தக மணத்துக்கு விளக்கம் தர விரும்புகிறேன்.

கியர்ப் பற்கள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம். ஒயில் படலம் அங்கே பிதுங்கி வெளியேறிவிடும். அதனால் கியர் ஒயிலில் கந்தகமும் பொஸ்பரசும் அடங்கிய சேர்மங்களைக் கலக்கிறார்கள். உராய்வின் சூட்டில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலமாகப் படிகின்றன. இயந்திர ஒயிலின் வேலை வேறு. எரிந்த கரியைச் சுமக்க வேண்டும், பெற்றோல் கலந்தாலும் தாங்க வேண்டும், குளிரில் இளகியும் சூட்டில் தடித்தும் நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்காக அதில் நீண்ட பொலிமர் மூலக்கூறுகள் சேர்க்கப்படுகின்றன. கியர்ப் பற்களுக்கிடையே அகப்பட்டால் அந்த மூலக்கூறுகள் அறுபட்டுவிடும். ஒயில் நாளடைவில் நீர்த்துப் போகும். ஒரே ஒயில் இரண்டு வேலையையும் செய்யும்போது இரண்டையும் அரைகுறையாகவே செய்கிறது.

மினியில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 848 சிசி, 34 குதிரைவலு. எஸ்வியில் 3929 சிசி, 385 குதிரைவலு, அதுவும் நிமிடத்துக்கு 7850 சுழற்சியில். பற்களின் மேல் விழும் சுமையை ஒப்பிடவே வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. சக்கரம் ஒன்று மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலை எஸ்விக்கு விரும்பியவர்கள் கேட்டுப் பெறலாம். அதனுள் உராய்வுத் தட்டுகள் இருப்பதால் அதற்கென்று தனித்தன்மையுள்ள ஒயில் வேண்டும்; அதை இயந்திரத்துக்குள் விட முடியாது. ஒயிலைப் பிரித்த பின்புதான் அதை ஒழுங்காகப் பொருத்த வழி பிறந்தது.

கல்லடி ஆசிரியர்

மகள், விளக்கம் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் இது தெரிந்த விடயம் என்றால், டல்லாராவும் அவரோடு மியுராவை உருவாக்கிய பொறியியலாளர் ஸ்தன்ஸானியும் முதலிலேயே ஏன் பிரிக்கவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. மினியைப் பார்த்துப் படித்தவர்கள் அதன் குறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

களுவாஞ்சிகுடி மெக்கானிக்

சேர், மினியில் அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். மலிவான கார், சின்ன இயந்திரம், ஒயிலை அடிக்கடி மாற்றினால் கேடில்லை. அதற்கு ஈடாக நால்வர் இருக்கும் இடம் கிடைத்தது. மியுராவில் கிடைத்தது இரண்டு ஆசனமும் ஒரு வடிவமும். அந்த இத்தாலியர்கள் எல்லோரும் அப்போது முப்பது வயதைத் தொடாதவர்கள். வெறும் சட்டகத்தைக் காட்டியதற்கும் முழுக்காரைக் காட்டியதற்கும் இடையே நான்கே மாதம். அந்த அவசரத்தில் ஒரு வார்ப்பைப் பிரித்து வடிவமைக்கப் பொழுது இருந்திருக்காது. பிரித்தபோது கார் ஏறக்குறைய விடைபெறும் நேரம். அதன் இடத்தைப் பிடிக்கவிருந்த கவுன்டாக்கில் இயந்திரத்தை நீளவாக்கில் திருப்பி, கியர்பொக்ஸை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். குறுக்கு இயந்திரத்தின் கணக்கை அவர்களே முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆரையம்பதி – சுவிஸ்

அண்ணன், வருகிற கோடையில் அந்த முதியவரின் கூட்டத்தார் மறுபடி எங்கள் பக்கம் வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். தனி ஒயில் வகையா என்று கண்டுபிடிக்க நான் எதைப் பார்க்க வேண்டும்?

களுவாஞ்சிகுடி மெக்கானிக்

முதலில் உரிமையாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள் தம்பி. இந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு அதைப் பற்றிப் பேசக் கிடைத்தால் சாப்பாடு கூடத் தேவையில்லை. இரண்டு ஒயில் ஊற்றுகிறீர்களா என்ற ஒரே கேள்வி போதும். உங்களை வேறு கண்ணால் பார்ப்பார். அவர் பின்மூடியைத் திறந்தால் கையை எங்கும் வைக்காதீர்கள், அந்த மூடி எளிதில் நெளியும். நிலத்தில் படுத்துக் கீழே ஒரு படம் எடுக்க விட்டால் எடுத்து அனுப்புங்கள். முன்பக்க அழகு எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கு வடிதிருகுகள் தெரியும்படி எடுத்தால் போதும்.