கர்ப்பத்தில் கை கால் தானாக ஆடியது யாருக்கெல்லாம்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

இசிப்பிங்கோ அத்தை:
எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் கால் குடைச்சலையே பேசுகிறீர்கள். எனக்கு மறக்காதது ஈஸ்டர் திருவிழா. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் நம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. நாத்தனார் மகளுக்கு நாலாம் மாதம். தட்டோடு வரிசையில் நின்றவளுக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, முகம் கோணியது. "அம்மா வந்துட்டா" என்று ஒருத்தர் கையில் வேப்பிலையைத் திணித்தார், இன்னொருத்தர் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அவளோ அந்தக் கையை இடது அக்குளில் சொருகி அழுத்திக்கொண்டு, "அத்தை, நான் ஆடல, கை அதுவா ஆடுது" என்றாள். அழுத்தியும் வளையல் சத்தம் நிற்கவில்லை.

டாக்டர் முதலில் கேட்டது, சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்ததா என்று. வந்திருந்தது, ருமாட்டிக் காய்ச்சல். கர்ப்பத்தில் வரும் இந்த ஆட்டத்துக்குப் பெயர் கொரியா கிராவிடாரம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், தைராய்டுக்கும் லூபஸுக்கும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். தூங்கும்போது ஆட்டம் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிட்டது. ஆனால் பெரியம்மா ஒருத்தி இன்னும் அவளிடம் குறி கேட்கிறாள்!

பீனிக்ஸ் ராஜி:
எனக்கு வாந்தி நிற்க மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது, கண் மேலே செருகிவிட்டது, தாடை பூட்டிக்கொண்டது. எல்லாம் கேட்கிறது, பேச முடியவில்லை. மாமியார் கற்பூரம் தேடுகிறார், வீட்டுக்காரர் கார் சாவி தேடுகிறார். அந்த வாந்தி ஊசியின் பக்கவிளைவாம்; முறுக்கை இளக்கும் பைபெரிடன் ஊசி போட்டதும் சீக்கிரம் சரியாகிவிட்டது. வேடிக்கை என்ன தெரியுமா, குழந்தை பிறந்தபின் பால் சுரக்க அதே மருந்தைத்தான் மாத்திரையாக எடுத்து நீட்டினார்கள். அது எனக்கு ஒத்துக்காது என்று எழுதியிருந்த மருத்துவ அட்டையைத் திறந்து காட்டினேன்.

டோங்காட் பக்தர்:
அத்தை, அப்போ சாமி வருவதெல்லாம் நோய் என்கிறீர்களா? என் ஆயாவுக்கு வருஷா வருஷம் வரும், ஒரு வியாதியும் கிடையாது.

இசிப்பிங்கோ அத்தை:
தம்பி, உங்க ஆயாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சாமி வந்தால் பூஜை முடிந்ததும் மலையேறும். இவளுக்கு மறுநாள் கஞ்சி குடிக்கும்போதும் கரண்டி மூக்கில் இடித்தது.

ஓய்வு பெற்ற சிஸ்டர்:
என் கதை சின்னது. கடைசி மகனைச் சுமந்தபோது படுத்தால் போதும், காலுக்குள் எறும்பு ஊரும். விடியும்வரை வீட்டுக்குள் நடந்தேன், அவ்வளவுதான். இனி கேளுங்கள், யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்திக்கு இது வரும், கடைசி மூன்று மாதத்தில் அதிகம், பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும். ரத்தத்தில் ஃபெரிட்டின் பாருங்கள், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அது காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், 75க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து கொடுப்பார்கள். அந்த மாத்திரையைப் பால் டீயோடு விழுங்காதீர்கள், நம் பெண்கள் அதைத்தான் செய்கிறார்கள். ரூய்போஸில் டானின் குறைவு, குடித்தே ஆக வேண்டுமென்றால் அது தேவலை. தூக்கத்துக்கு என்று கடையில் சளி மாத்திரை வாங்காதீர்கள், சிலது குடைச்சலைக் கூட்டும். ராஜி, உங்க வாந்தி மருந்தும் அந்த ரகம்தான். அப்புறம் பால் கொடுப்பவர்களுக்குக் கால் குடைச்சலுக்கென்று பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரை கொடுத்தால் உடனே டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைக்கும், பால் வற்றும்.

சாட்ஸ்வர்த் அம்மா:
சிஸ்டர் சொல்வது பாதிதான். எனக்கு வில்சன் நோய், உடம்பில் செம்பு சேருவது. கை நடுக்கம் அதனால்தான். கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் மாத்திரையை நிறுத்து என்றார்கள். நரம்பு டாக்டர்தான் மாமியாரை உட்காரவைத்து, நிறுத்தினால் ஈரல் போய்விடும், அளவை மட்டும் குறைக்கலாம் என்று சொன்னார். "குழந்தைக்கு ஆகாது" என்று ஒரே பேச்சில் எல்லா மருந்தையும் ஒதுக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற சிஸ்டர்:
நான் எங்கே நிறுத்தச் சொன்னேன்? கேளுங்கள் என்றுதானே எழுதினேன். அத்தை, ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க அந்தப் பெண்ணுக்குப் பெனிசிலின் ஊசி போகிறதா?

இசிப்பிங்கோ அத்தை:
போகிறது, மாதம் தவறாமல். அடுத்த பிள்ளைக்கும் ஆட்டம் திரும்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.