கோழிக்கறியை பாட்டிலில் அடைக்க குக்கர் போதுமா?

கும்பகோணத்துக்காரி: துபாய்த் தம்பிக்குக் கோழிக்கறி அடைத்து அனுப்பணும். வீட்டில் 5 லிட்டர் குக்கர் இருக்கு, போதாதா, பாட்டிலில் அடைத்து வேகவைக்கும் பெரிய பிரஷர் பாத்திரமான கேனரே வாங்கணுமா?

திருவாரூர் சமையல்: குக்கர் வேண்டாம் அக்கா. சட்டென்று சூடாகி சட்டென்று ஆறிவிடும், கேனருக்குச் சொன்ன நேரம் அதற்குப் பொருந்தாது. புளிப்பில்லாத கறியில் பொட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கும் உணவு நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது, 116 டிகிரியாவது வேண்டும். எலும்பில்லாத கோழி, அரை லிட்டர் பாட்டில் என்றால் 75 நிமிடம்.

மன்னார்குடி: வெயிட் வைத்த கேனரே வாங்குங்க. டெல்டா தாழ்வான பூமி, 10 பவுண்டு அழுத்தத்துக்கான வெயிட் போதும். அழுத்தத்தை முள்ளால் காட்டும் டயல் வைத்தது என்றால் வருடா வருடம் சோதிக்கணும். என்னுடையதில் முள் தப்பாகக் காட்டி ஏழு பாட்டிலையும் குழி தோண்டிப் புதைத்தேன், நாய்கூடத் தோண்டிவிடக் கூடாதே என்று பயம் வேறு.

கும்பகோணத்துக்காரி: சரி, இந்தத் தடவை வடுமாங்காயே போகட்டும்.