எல்டோரா மண் தடத்து ட்ரக் ரேஸ்: எப்படி வந்தது, ஏன் போனது?

நாலாம்_வளைவு:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க நாஸ்கார் கார் பந்தயத்தின் ட்ரக் சீரிஸ் (பிக்கப் ட்ரக் வடிவ வண்டிகள் ஓடும் தொடர்) பக்கம் கொஞ்ச நாளாகத்தான் வந்திருக்கிறேன். பழைய ரேஸ்களைத் தேடிக்கொண்டிருந்தபோது எல்டோரா 2013 கண்ணில் பட்டது, அதைப் பார்த்ததிலிருந்து மற்ற ரேஸ் எதிலும் மனம் ஒட்டவில்லை. தார்த் தடத்தில் ஓடவேண்டிய ட்ரக்குகள் களிமண்ணில் பின்பக்கத்தை வெளியே தள்ளிக்கொண்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியபடியே வளைவு முழுக்கச் சறுக்கிப் போகின்றன! 2019-க்குப் பிறகு இந்த ரேஸ் நடக்கவே இல்லை. இதை யார் தொடங்கினார்கள், இவ்வளவு நன்றாக இருந்ததை ஏன் விட்டார்கள்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

மண்வாசி:
தடத்திலிருந்து தொடங்கினால்தான் புரியும். எல்டோரா ஒஹாயோ மாநிலத்தில், இண்டியானா எல்லைக்குப் பக்கத்தில் ராஸ்பர்க் என்ற சின்ன ஊரை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் வயல்கள்தான். 1954-இல் இதைக் கட்டியவர் எர்ல் பால்டஸ், நடன இசைக்குழு நடத்திக்கொண்டிருந்த மனிதர். அரை மைல் நீளம், வளைவுகளில் நல்ல சாய்வு, முழுக்கக் களிமண். லேட் மாடல், ஸ்பிரிண்ட் கார் என்று மண் தடத்துக்கென்றே இரண்டு வகை வண்டிகள் உண்டு; லேட் மாடல் கார்களுக்கான வேர்ல்ட் 100, ஸ்பிரிண்ட் கார்களுக்கான கிங்ஸ் ராயல் என்று மண் ரேஸ் உலகத்தின் பெரிய போட்டிகள் பலவும் இங்கேதான். 2004-இல் பால்டஸ் இதை டோனி ஸ்டீவர்ட்டிடம் விற்றார். ஸ்டீவர்ட் நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் சீரிஸில் சாம்பியன், ஆனால் மண்ணில் ஓட்டி வளர்ந்தவர். அவர் உரிமையாளராக வந்திராவிட்டால் ட்ரக் சீரிஸ் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

2013 ஜூலை 24, புதன்கிழமை இரவு முதல் ரேஸ். நாஸ்காரின் தேசிய அளவிலான தொடர் ஒன்று மண்ணில் ஓடியது அதற்கு முன் 1970 செப்டம்பரில், ராலே நகரில். அதை வென்றவர் ரிச்சர்ட் பெட்டி. இடையில் 43 வருடம்! அதனால் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. மண்ணுக்கென்று குட்இயர் தனி டயர் செய்தது. தரையை உரசிக்கொண்டிருக்கும் முன்பக்கத் தகடான ஸ்ப்ளிட்டரைக் கழற்றினார்கள். ரேஸ் நடக்கும்போதே ஓரமாக நிறுத்தி டயர் மாற்றும் வழக்கமான பிட் ஸ்டாப்புக்கு அங்கே வசதி கிடையாது, அதனால் 150 லேப்பை (சுற்றை) 60, 50, 40 என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் வண்டிகளை நிறுத்தி டயரும் எரிபொருளும் பார்த்துக்கொள்ள விட்டார்கள். கென் ஷ்ரேடர் 58 வயதில் போல் (முதலிடத்திலிருந்து தொடங்கும் வாய்ப்பு) எடுத்தார், ஆஸ்டின் டில்லன் ஜெயித்தார், கைல் லார்சன் இரண்டாவது. வென்றவருக்குத் தங்க நிற மண்வாரிதான் கோப்பை. அந்தத் தடத்துக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன கொடுக்க முடியும்?

கடைசிவரிசை:
மண்வாசி சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த இரவை மறக்க முடியாமல் செய்தது டில்லனின் வெற்றி இல்லை, நார்ம் பென்னிங்.

எல்டோராவில் நேரம் எடுத்துத் தகுதி பெறுவதோடு வேலை முடியாது. மண் தட வழக்கப்படி மெயின் ரேஸுக்குள் நுழைய ஹீட் ரேஸ்கள் எனும் சின்னச் சின்னத் தகுதிப் போட்டிகள், அதில் தேறாதவர்களுக்குக் கடைசி வாய்ப்பாக ஒரு ரேஸ், அதிலும் தேறாவிட்டால் வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பென்னிங்குக்கு அப்போது 61 வயது. சொந்த அணி, கையில் பணம் குறைவு, பெரிய அணிகளோடு ஒப்பிடவே முடியாது. கடைசி வாய்ப்பு ரேஸில் மிச்சமிருந்த ஒரே ஓர் இடத்தை அவர் பிடித்து வைத்திருக்கிறார், பின்னால் கிளே கிரீன்ஃபீல்ட். வளைவுக்கு வளைவு இடி. பென்னிங்கின் ட்ரக் பின்பக்கம் தூக்கி, சுவரை நோக்கிப் போய், மறுபடியும் நேராகி ஓடுகிறது, அடுத்த வளைவில் மறுபடியும் இடி. மனிதர் விடவே இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது இடம் அவருடையதுதான், அரங்கமே எழுந்து கத்தியது.

மெயின் ரேஸில் அவர் எத்தனையாவதாக வந்தார் என்று யாராவது கேட்டார்களா? இல்லை. டிவியில் பெயர்கூட வராத அணிகளுக்கு அந்த ஒரு ரேஸில் மட்டும்தான் ஊரே கைதட்டியது, ஹீட் ரேஸ் முறை இருந்ததால்தான் அது நடந்தது. எனக்கு எல்டோரா என்றால் இதுதான். சறுக்கல் எல்லாம் அப்புறம்.

கியர்மேன்:
ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன், கோபப்படாதீர்கள். ஸ்பிரிண்ட் காரோ லேட் மாடலோ மண்ணுக்காகவே பிறந்த வண்டி. ட்ரக் அப்படி இல்லை, எடை கிட்டத்தட்ட 1500 கிலோ. ஆரம்பத்தில் தடம் ஈரமாக இருக்கும்போது மேலேயும் கீழேயும் ஓட்டலாம். போகப்போகக் களிமண் காய்ந்து, வழவழவென்று ஆகி, கருத்துப்போய்விடும். அப்புறம் பிடிமானம் என்பது சுவரை ஒட்டி மேலே ஒதுங்கிய மண் விளிம்பில்தான் கிடைக்கும். அவ்வளவு எடையை வைத்துக்கொண்டு அந்த விளிம்பில் ஓட்டுவது பெரிய வித்தை. 2014-இல் டாரெல் வாலஸை விரட்டிக்கொண்டு லார்சன் அங்கேதான் ஓட்டினார், சுவரில் மோதி மோதிக் கடைசியில் வண்டியே போய்விட்டது, வாலஸ் ஜெயித்தார். லேட் மாடல் உலகத்தின் ஜாம்பவான் ஸ்காட் புளூம்குவிஸ்ட் 2013-இல் வந்தபோதும் பின்வரிசையில்தான் முடிக்க முடிந்தது. மண் தெரிந்தால் போதாது, இந்த ட்ரக்கை மண்ணில் ஓட்டத் தெரியவேண்டும், அது தனிக் கலை.

இது குறை இல்லை, ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை என்பதோடு நின்றதால்தான் சுவையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நாலாம்_வளைவு:
அருமை, எல்லோருக்கும் நன்றி! கடைசிவரிசை சொன்ன பகுதியை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. மற்ற வருடங்களில் எதைத் தவறவிடக்கூடாது? அப்புறம், நின்றது எப்படி என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

மண்வாசி:
2015-இல் கிறிஸ்டோபர் பெல், 20 வயதில் முதல் ட்ரக் வெற்றி. 2016-இல் லார்சனுக்கு ஒருவழியாகக் கைகூடியது. 2017-இல் மாட் கிராஃப்டன். அந்த ரேஸில் பெரும்பாலும் முன்னால் ஓடியவர் கனடாக்காரரான ஸ்டீவர்ட் ஃப்ரீஸன், மண் ரேஸில் பழம் தின்று கொட்டை போட்டவர், கடைசியில் இரண்டாமிடம்தான் கிடைத்தது. 2018-ஐ மட்டும் முழுதாக உட்கார்ந்து பாருங்கள்: சேஸ் பிரிஸ்கோவும் கிராண்ட் என்ஃபிங்கரும் ஒரே அணி, கடைசி வளைவில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே கோட்டுக்கு வருகிறார்கள், வித்தியாசம் 0.038 வினாடி. 2019-இல் ஃப்ரீஸன் ஜெயித்தார், ட்ரக் சீரிஸில் அதுதான் அவருடைய முதல் வெற்றி. விட்ட இடத்திலேயே வந்து பிடித்தார்.

2020 ரேஸ் கொரோனாவால் ரத்தானது. சரி, அடுத்த வருடம் வரும் என்று காத்திருந்தோம். 2021 காலண்டரில் மண் ரேஸ் இருந்தது, எல்டோரா இல்லை. பிரிஸ்டலின் காங்கிரீட் தடத்தின் மேல் மண்ணைக் கொட்டிக் கப் சீரிஸையே மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள், ட்ரக்கும் அங்கே ஓடியது. அதோடு அயோவாவில் இருக்கும் நாக்ஸ்வில். நாக்ஸ்வில் 2021, 2022 என்று இரண்டு வருடம் தாங்கியது, பிரிஸ்டல் மண் 2023-உடன் முடிந்தது. பிரிஸ்டலை நான் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கொட்டி நிரவிய மண் வேறு, பல வருடமாகத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பக்குவப்படுத்திய தடம் வேறு. எல்டோராவை அப்படியே விட்டுவைத்துக் கப் சீரிஸையும் அங்கே அழைத்துப் போயிருக்கலாம்.

கியர்மேன்:
பிரிஸ்டல் விஷயத்தில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். நாக்ஸ்வில்லை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள், அதுவும் ஸ்பிரிண்ட் கார்களின் பழம்பெரும் மண் தடம்தான். நாலாம்_வளைவு, 2018 பார்க்கும்போது சுருக்கம் வேண்டாம், ஹீட் ரேஸ்களிலிருந்து தொடங்குங்கள். தடம் எப்படி நிறம் மாறுகிறது, ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக எப்போது சுவர்ப்பக்கம் ஏறுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே வந்தால்தான், அந்தக் கடைசி லேப்பில் யார் எந்தப் பாதையை ஏன் பிடித்தார்கள் என்பது பிடிபடும்.