சித்திக்குத் தெரியாமல் கொன்ஸ்டான்ஸ்

குழு: எங்கட குடும்பம் 🌴
ஒக்டோபர், சனிக்கிழமை

நிரூஜன் 11:04
📷 படம்

நிரூஜன் 11:05
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுவிஸ் சித்தி 11:06
அழிச்சாலும் நான் பாத்திட்டன் தம்பி. அது கொன்ஸ்டான்ஸ் துறைமுகத்துச் சிலையெல்லே?

நிரூஜன் 11:09
சித்தி, வணக்கம் 🙏

அம்மா 11:10
ஆர் எங்க நிக்கினம்? எனக்குப் படம் வரேல்லை

சுவிஸ் சித்தி 11:12
அக்கா, உங்கட மகளும் மருமோனும் என்ர வீட்டில இருந்து நடந்து போற தூரத்தில நிக்கினம். எனக்கு மூச்சும் விடேல்லை

கீர்த்தி 11:20
கோவிக்காதேங்கோ சித்தி. இவருக்கு எவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு ஓய்வு கிடைச்சிருக்கு. கார்ல்ஸ்றூவில ரயில் ஏறினால் மாறாமல் வந்து இறங்கலாம், கறுப்புக் காட்டுக்குள்ளால. மரமெல்லாம் மஞ்சளும் சிவப்பும். சும்மா ரெண்டு பேருமாத் திரிவமெண்டு வெளிக்கிட்டனாங்கள்

அம்மா 11:21
திரியுங்கோ பிள்ளை. காலமை சாப்பிட்டியளோ?

சித்தப்பா 11:26
தம்பி, 2020இல கொரோனா நேரம் எங்கட சுவிஸ் பக்கக் க்றொய்ஸ்லிங்கனுக்கும் ஜேர்மன் பக்கக் கொன்ஸ்டான்ஸுக்கும் நடுவில இரட்டை வேலி போட்டவங்கள். ஒரு வேலி எண்டால் சோடியள் கம்பிக்குள்ளால கை பிடிக்குதுகள் எண்டு ரெண்டாவது. அதுகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிண்டு கத்திக் கதைச்சதுகள். இப்ப வேலியே இல்லை, நீங்கள் ஒளிக்கிறியள் 😄

நிரூஜன் 11:30
இல்லைச் சித்தப்பா, நாளைக்கு எடுத்துச் சொல்லுவமெண்டுதான்…

சுவிஸ் சித்தி 11:31
நாளைக்கு ரயில்ல ஏறினாப் பிறகோ?

அம்மா 11:34
இப்ப சித்தி படம் அனுப்பினவ. அதென்ன தம்பி அந்தப் பொம்பிளை? உடுப்பு அரைகுறை. கையில என்ன, பிள்ளையளோ?

நிரூஜன் 11:41
பிள்ளையள் இல்லை மாமி. ஒரு கையில பாப்பரசற்ற முடி போட்ட அம்மணக் கிழவர், மற்றக் கையில சக்கரவர்த்தியின்ர முடி போட்ட கிழவர். 1414 துவக்கம் 1418 மட்டும் இங்க பெரிய திருச்சபைச் சங்கம் நடந்தது. அந்த நேரம் நான்தான் பாப்பரசர் எண்டு மூண்டு பேர் நிண்டவையாம். கடைசியா 1417இல துறைமுகத்தடிப் பண்டகசாலைக்குள்ள வச்சுத்தான் அஞ்சாம் மார்ட்டினைத் தெரிஞ்செடுத்தவை. வந்த பெரிய ஆக்களை எல்லாம் ஆட்டி வச்சது இந்த இம்பீரியா எண்ட தாசிதான் எண்டு நக்கலாச் செய்த சிலை, 1993இல வச்சது. ஒம்பது மீற்றர் உயரம். நாலு நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு சுத்துச் சுத்துவா

அம்மா 11:44
ஊர்ச் சனம் பேசாமல் விட்டதோ?

சித்தப்பா 11:45
பேசினதுதான். இப்ப அவவைப் பாக்கத்தான் எல்லாரும் வருகினம்

கீர்த்தி 12:10
எனக்குச் சிலையை விடப் பழைய ஊர்தான் பிடிச்சது. ரெண்டாம் உலக யுத்தத்தில குண்டே விழேல்லையாம். மற்ற ஜேர்மன் ஊரெல்லாம் இருட்டாக்கி வச்சிருக்க, இங்க பக்கத்துச் சுவிஸ் மாதிரி லைற்றைப் போட்டே விட்டவையாம். மேல இருந்து பாக்கிறவனுக்கு எது ஆற்ற நாடெண்டு தெரியாதெல்லே. அதாலதான் இந்த ஒடுங்கின ஒழுங்கையளும் சுவர் ஓவியமும் தப்பி நிக்குது. ஆனா ஏரிதான் இன்னும் காணக் கிடைக்கேல்லை. ஒரே பனிப்புகார்!

சித்தப்பா 12:16
ஒக்டோபரில அப்பிடித்தான் பிள்ளை. ஏரித் தண்ணி இன்னும் சூடு, மேல குளிர்க்காத்து. பள்ளத்துக்குள்ள மூடிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும், சிலவேளை நாள் முழுக்க. சென்ரிஸ் மலைக்கு ஏத்திக்கொண்டு போகட்டோ? 2,502 மீற்றர். மேல நல்ல வெய்யில், கீழ பஞ்சுக் கடல். காரை எடுக்கிறன்

நிரூஜன் 12:18
வேண்டாம் சித்தப்பா, நாங்கள் பெரிக் கப்பலில ஏரிக்கு அங்கால மேர்ஸ்புர்க் போறம். கால் மணித்தியாலம்தானே

ரொறன்ரோ அண்ணா 13:02
இப்பதான் எழும்பினன். 46 செய்தி!! ஆரும் செத்துப் போச்சினமோ எண்டு பயந்திட்டன்

ரொறன்ரோ அண்ணா 13:05
மச்சான், உமக்கு ஒளிக்கத் தெரியாட்டில் வெனிசுக்குப் போயிருக்கலாம். அங்க எங்கட ஆக்கள் இல்லை

கீர்த்தி 13:06
இருக்கினம். அப்பான்ர ஒண்டுவிட்ட தங்கச்சி

கீர்த்தி 15:40
📷 படம்
மேர்ஸ்புர்க். மேல ஏற ஏறப் புகார் விலகிட்டுது. கோட்டைக்குக் கீழ எல்லாம் முந்திரிகைத் தோட்டம், இலை பழுத்துப் போய்க் கிடக்கு. வெங்காயக் கேக்கும் சூசரும் எடுத்தனாங்கள்

அம்மா 15:42
சூசர் என்ன பிள்ளை, சூப்போ?

சித்தப்பா 15:44
அரைவாசி புளிச்ச முந்திரிகை ரசம் மச்சாள். கருப்பணி கள்ளாகிற பதம். இந்தச் சீசன் மட்டும்தான். போத்தில் மூடியை இறுக்கினால் வெடிச்சுப் போகும், அதால தளர்த்தித்தான் விப்பாங்கள். தம்பி, ஒரு போத்தில்…

சுவிஸ் சித்தி 15:45
உங்களுக்குச் சீனி வருத்தம் 😡

சுவிஸ் சித்தி 15:52
பிள்ளை, நாளைக்கு என்ன திட்டம்? ஒளிக்காமச் சொல்லு

கீர்த்தி 16:01
காலமை மைனாவ் தீவு. முதல் உறைபனி கொட்டினால் டாலியாப் பூவெல்லாம் கருகிப் போகுமாம், அதுக்குள்ள பாக்கோணும். அங்க பின்னேரம் மட்டும் நிண்டிட்டு…

சுவிஸ் சித்தி 16:02
பின்னேரமோ? பூவை எவ்வளவு நேரம் பாக்கிறது? ரெண்டு மணிக்கு வாங்கோ. தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போங்கோ

நிரூஜன் 16:05
தேத்தண்ணி மட்டும் எண்டால் சரி சித்தி

சுவிஸ் சித்தி 16:06
புட்டு அவிக்கிறன்

கீர்த்தி 16:06
சித்தி!!

சுவிஸ் சித்தி 16:09
புட்டுக்குக் கறி வேணும். இஞ்ச ஆட்டிறைச்சி நெருப்பு விலை. நாளைக்கு ஞாயிறு, அந்தப் பக்கம் கடை பூட்டு. இப்பவே துருக்கிக் கடையில வாங்குங்கோ. எல்லையில ஆளுக்கு ஒரு கிலோ விடுவாங்கள். ரெண்டு பேர், ரெண்டு கிலோ

ரொறன்ரோ அண்ணா 16:10
ஹனிமூன் இறைச்சிக் கடையில முடிஞ்சுது 🤣

சித்தப்பா 16:12
இப்ப 150 பிராங்குக்கு மேல போனாத்தான் வரி. பயப்பிடாமல் வாரும் தம்பி

நிரூஜன் 17:35
📷 படம்
கடையில நிக்கிறம் சித்தி. எலும்போடயோ, தனி இறைச்சியோ?

சுவிஸ் சித்தி 17:35
எலும்போட. சின்னனா வெட்டச் சொல்லுங்கோ. ஈரல் கிடந்தால் அதுவும், ஆனா ரெண்டு கிலோவுக்குள்ள