பொறாமை, வயித்தெரிச்சல், அசூயை: எதை எங்கே சொல்வது?

காட்பாடி_வகுப்பு:
சித்தூர் பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக்காரர்களுக்கான பேச்சுத்தமிழ் வகுப்பு. "நான் அவனைப் பொறாமைப்படுகிறேன்" என்கிறார்கள். அவர்கள் மொழியின் 'அசூய'வை 'அசூயை' என்று பேச்சிலும் போடுகிறார்கள். எப்படித் திருத்துவது? வயித்தெரிச்சலும் இதே பொருள்தானா?

கோட்டைவாசல்:
முதலில் உருபு. 'அவனை' என்று நிறுத்தினால் வாக்கியம் தொங்கும். 'அவனைப் பார்த்து' அல்லது 'அவன் மேல' வேண்டும். எழுத்தில் 'அவன் வளர்ச்சியைக் கண்டு'. சொல்லை உடைத்துக் காட்டினால் மனதில் நிற்கும்: 'பொறு' என்பதன் எதிர்மறைதான் பொறாமை. அடுத்தவர் நன்றாக இருப்பது பொறுக்கவில்லை. குறளில் பொறையுடைமை 16ஆம் அதிகாரம், அடுத்ததே அழுக்காறாமை. அழுக்காறு என்றால் பொறாமை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாலாறு மாதிரி இன்னோர் ஆறு என்று நினைத்துக்கொள்வார்கள்!

குடியாத்தம்காரன்:
வயித்தெரிச்சல் தனிக் கதை. நம்ம பக்கம் வவுத்தெரிச்சல்.

"தங்கச்சி வூடு கட்டுனது இவளுக்கு வவுத்தெரிச்சல்." இது பொறாமை.

"ரெண்டு லிட்டர் பாலு திரிஞ்சி பூட்ச்சி, வவுத்தெரிச்சலா கீது." இதுல பொறாமையே இல்ல, நஷ்டத்த நெனச்சு மனசு அடிச்சுக்குது.

"ஏழைங்க வவுத்தெரிச்சல கொட்டிக்காத." இது பாதிக்கப்பட்டவங்க மனசு எரிஞ்சு விடுற சாபம். இங்க பொறாமைன்னு அர்த்தம் சொன்னா ஏழை மேலயே பழி விழுந்துடும். 'கொட்டிக்க' கூட வந்தாலே சாபம்னு புரிஞ்சுக்கலாம். மத்த எடத்துல, அடுத்தவன் நல்லா இருக்கறது எரியுதா, நம்ம கைவிட்டுப் போனது எரியுதான்னு கேட்கச் சொல்லுங்க.

கோட்டைவாசல்:
'அசூயை' தமிழிலும் பொறாமைதான், ஆனால் அருவருப்பு என்றும் பொருள் உண்டு. "சாப்பாட்டைப் பார்த்து அசூயைப்பட்டார்" என்றால் முகம் சுளித்தார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். பேச்சு வகுப்பில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. "உங்களப் பார்த்தா பொறாமையா இருக்கு" என்று சிரித்துக்கொண்டு நேரில் சொன்னால் பாராட்டு. "அவன் பொறாமைப்படறான்" என்றால் குற்றச்சாட்டு. கைக்குழந்தையைப் பார்த்து மட்டும் பாராட்டாகக்கூடச் சொல்லக் கூடாது. கண்ணு பட்டுடும் என்று அன்று சாயந்திரமே மிளகாய், உப்பு எடுத்துச் சுத்திப் போட்டுவிடுவார்கள்.

காட்பாடி_வகுப்பு:
நன்றி. 'காண்டு'ம் பொறாமையா?

குடியாத்தம்காரன்:
இல்லீங்க. காண்டு கடுப்பு, கோவம். பொறாமைக்குப் பசங்க சொல்றது, "அவனுக்குக் காதுல பொகை வருது."